உழவராய் மறைந்த வீரர் - சுபேதார் குதாதாத் கான்

பாரசீக மொழியில் 'குதா' என்றால் இறைவன். 'தாத்' என்றால் கொடுத்தது. இறைவன் கொடுத்த பிள்ளை என்று மகிழ்ந்து பெற்றோர் இட்ட பெயர் குதாதாத். அப்பெயரைத் தாங்கிய பெரியவர் ஒருவர், 1971-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள், பஞ்சாபின் மண்டி பஹாவுத்தீன் பகுதியிலுள்ள ருகான் என்னும் சிற்றூரில் தமது 82-ஆம் வயதில் காலமானார். அவ்வூர் மையவாடியிலேயே அடக்கமும் ஆனார். அக்கம்பக்கத்து ஊரார்க்கு அவர் நிலம் வைத்துப் பயிரிட்டு வந்த ஓர் உழவர். போர் வரலாறு எழுதுவோர்க்கோ, ஆங்கிலப் பேரரசின் தலைசிறந்த வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவையைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். ஒரே மனிதர், நினைவு மட்டும் இரண்டு.

இவரைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியது ஒரு மாணவரின் கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் மதரஸாவில் பாடத்தின் இடையே உலகப் போர் பற்றிய பேச்சு வந்தது. நாம் குதாதாத் கானின் தீரத்தைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், அவர் வெள்ளைக்காரனுக்காகத்தானே சண்டை போட்டார்? அவரை நாம் எதற்காக நினைக்க வேண்டும்?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் நம் முகத்தையே பார்த்தது. நேரமாகிவிட்டது என்று கூறிக் கிதாபை மூடிவிட்டோம். உண்மையில் நேரம் ஆகவில்லை; விடைதான் கிட்டவில்லை. அன்று தராத விடையை இன்று எழுதிப் பார்க்கிறோம்.

குதாதாத் கான் 1888-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தப் என்னும் ஊரில் பிறந்தார். அது அன்று ஜீலம் மாவட்டத்தைச் சேர்ந்த சக்வால் வட்டத்தில் இருந்தது. ஐந்தாறுகள் பாயும் நாடு என்று பஞ்சாபைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆனால் சக்வால் அவ்வாறன்று. அது உப்பு மலைத்தொடரை அடுத்த மேட்டுநிலம். அங்கே ஆற்றுப் பாசனம் இல்லை. மழை பெய்தால் கோதுமை, பொய்த்தால் பட்டினி. இத்தகைய நிலத்தை அவர்கள் 'பாரானி' என்பார்கள். நம் இராமநாதபுரத்து மக்கள் 'வானம் பார்த்த பூமி' என்பதும் அதுவே. ஒரு வீட்டில் ஆண்மக்கள் மூவர் பிறந்தால் நிலம் ஒருவரைத்தான் காக்கும். எஞ்சியோர்க்குப் பட்டாளமே வழி. சிப்பாயின் திங்கட் சம்பளம் அந்நாளில் 11 ரூபாய். தொகை சிறிதாயினும், மழையைப் போல் அது பொய்க்காது.

பட்டாளத்தார் தென்னாட்டை விட்டு வடக்கே சென்று ஆள் சேர்த்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அது நம் நாட்டையும் தொட்டது. பழைய சென்னை இராணுவத்தில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் திரளாக இருந்தனர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைவராகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர், வடக்கின் சில இனத்தாரே போர்க்குடியினர் என்னும் கருத்தில் ஊன்றி நின்றார். தெற்கின் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஜீலம், ராவல்பிண்டி மாவட்டங்களில் ஆள்சேர்ப்பு பெருகிற்று. தப் கிராமத்து இளைஞர் ஒருவர் சிப்பாயானதன் பின்னே வறண்ட நிலமும் இருந்தது. ஆள்வோர் வகுத்த இந்தக் கணக்கும் இருந்தது.

அவர் சேர்ந்த படை 129-ஆம் பலூச்சிப் படை. பெயரில்தான் பலூச்சி, அதில் பெரும்பாலோர் பஞ்சாபி முஸ்லிம்களும் பட்டாணியரும் ஆவர். 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. பிரிட்டிஷாரின் சிறிய படை ஜெர்மானியரின் முன் நிலைகுலையவே, இந்தியாவிலிருந்து அவசரமாகப் படைகள் கப்பலேறின. லாகூர்ப் படைப்பிரிவு செப்டம்பர் இறுதியில் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கிற்று. வெயில் நாட்டு உடுப்போடு வந்தவர்களை மேற்கு ஐரோப்பாவின் மழையும் குளிரும் எதிர்கொண்டன. அடுத்த நான்கு வாரங்களுக்குள் பலூச்சிப் படை பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்குத் தெற்கே, ஹோலபெக் என்னும் சிற்றூரின் அருகே பதுங்குகுழிகளில் நின்றது.

அந்தக் குழிகள் ஆழமற்றவை, முள்வேலியும் போதவில்லை. எதிரே வந்த ஜெர்மானியப் படை எண்ணிக்கையில் பன்மடங்கு பெரியது. அந்த வரிசையை உடைத்தால் கடற்கரைத் துறைமுகங்களுக்கு வழி திறக்கும். இங்கிலாந்திலிருந்து வரும் ஆட்களும் தளவாடமும் தடைப்படும். பலூச்சிகளிடம் இருந்தவை இரண்டு மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள். அக்கருவியை ஒருவர் தனித்து இயக்குவது அரிது. 250 தோட்டாக்கள் கோத்த துணிப்பட்டையை ஒருவர் ஊட்ட வேண்டும். ஒருவர் சுட வேண்டும். குழாயைச் சூழ்ந்த உறையில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீர் வற்றினால் இரும்பு கொதித்துக் கருவி நின்றுவிடும். ஆகவே ஒரு துப்பாக்கிக்கு ஒரு குழு உண்டு.

1914 அக்டோபர் 31. பீரங்கிக் குண்டொன்று விழுந்து ஒரு துப்பாக்கி சிதைந்தது. பொறுப்பிலிருந்த ஆங்கிலேய அதிகாரி காயமுற்றார். எஞ்சிய துப்பாக்கியைக் குதாதாதும் அவருடைய தோழர் ஐவரும் இயக்கினர். குதாதாதும் காயமுற்றிருந்தார். ஒருவர் பின் ஒருவராகத் தோழர் ஐவரும் மாண்டனர். அதுவரை அவர் கருவியை விட்டு நகரவில்லை. முடிவில் எதிரிகள் குழிக்குள் பாய்ந்தபோது அவரும் வீழ்ந்தார். இறந்தார் என்றெண்ணி அவர்கள் கடந்து சென்றனர். இருள் சூழ்ந்த பின்னர் அவர் தவழ்ந்து தவழ்ந்து தம் படையை வந்தடைந்தார். அவர்கள் தடுத்து நிறுத்திய நேரத்துக்குள் துணைப்படைகள் வந்து சேர்ந்தன; வரிசை உடையவில்லை.

விக்டோரியா சிலுவை 1856-இல் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் 1911 வரை இந்தியச் சிப்பாய்கள் அதற்குத் தகுதியுடையோராகக் கருதப்படவில்லை. ஒரே குழியில் ஒரே குண்டுக்கு மார்பு காட்டிய இருவரில் ஒருவர்க்கு அப்பதக்கம் கிட்டும். நிறத்தால் மற்றவர்க்குக் கிட்டாது. 1911 டில்லி தர்பாரின்போதே அந்தத் தடை நீங்கிற்று. அதன் பின் வந்த பெரும்போரில், 1914 டிசம்பர் 7-ஆம் நாள் அரசிதழில் குதாதாதின் பெயர் வெளியாயிற்று. கட்வால் வீரர் தர்வான் சிங் நேகியின் பெயரும் அதே நாளில் வெளியாயிற்று. நேகி களத்தருகே மன்னரிடம் முன்னதாகவே பதக்கத்தைப் பெற்றுவிட்டார். செயலின் தேதியைக் கொண்டு பார்த்தால் குதாதாதே முதல்வர். பிரைட்டன் நகரில் சிகிச்சை பெற்ற அவருக்கு 1915-இன் தொடக்கத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தம் கையாலேயே பதக்கம் அணிவித்தார். வெண்கலத்தாலான சிலுவை ஒரு முஸ்லிமின் மார்பில் தொங்கியது. அதை அணிந்தவர் தம் தொழுகையையோ தம் பெயரையோ மாற்றிக்கொள்ளவில்லை.

பிரைட்டனில் மன்னர் மாளிகையொன்றையே இந்தியர்க்கு மருத்துவமனையாக்கினர். கிழக்கத்திய பாணியில் குவிமாடங்களோடு கட்டப்பட்ட மாளிகை அது. முஸ்லிம்களுக்கு ஹலால் உணவு, இந்துக்களுக்கும் சீக்கியர்க்கும் அவரவர் முறைப்படியான உணவு என ஒன்பது சமையற்கூடங்கள். தண்ணீர்க் குழாய்களும் தனித்தனி. மாளிகையின் புல்வெளியில் முஸ்லிம்கள் தொழுதனர். இறந்த முஸ்லிம்களுக்கென வோக்கிங் பள்ளிவாசலுக்கு அருகே தனி மையவாடி 1917-இல் கட்டி முடிக்கப்பட்டது. இத்தனை கவனிப்பில் மனிதநேயம் இல்லையென்று நாம் கூற மாட்டோம். ஆனால், முஸ்லிம் வீரர்களை முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்று ஜெர்மானியர் பரப்பிய செய்தியை முறியடிக்க வேண்டிய தேவையும் அதில் கலந்திருந்தது.

அந்தத் தேவை எழுந்ததற்குக் காரணம் துருக்கி. குதாதாத் வீழ்ந்து எழுந்த இரண்டு வாரங்களில், 1914 நவம்பர் 14-ஆம் நாள், இஸ்தான்புல்லில் ஷைகுல் இஸ்லாமின் பத்வா முழங்கியது: பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் எதிராக ஜிஹாத். அதே நாளில், பிரான்சிலிருந்த இந்தியப் படைகளைக் காண வந்திருந்த முதியவர் ராபர்ட்ஸ் பிரபு நிமோனியாவால் அங்கேயே இறந்தார். ஆங்கிலேயருக்காக ஆயுதம் ஏந்திய முஸ்லிம்களை இந்தப் பத்வா பெரும் இக்கட்டில் நிறுத்தியது. ஒருபுறம் உப்பிட்டவனுக்குக் கொடுத்த உறுதிமொழி. மறுபுறம் கலீபாவின் அழைப்பு.

இரண்டு பக்கமும் சென்றோர் உண்டு. 1915 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூரில் 5-ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நகரில் வணிகம் செய்துவந்த நம்மவர் பலர்க்கு அது கண்ணெதிரே நடந்த செய்தி. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஒரே குடும்பம் இரண்டானது. மீர் மஸ்த் என்னும் அஃப்ரீதி ஜமேதார் 1915 மார்ச்சில் ஜெர்மானியர் பக்கம் சென்றார். அவருடைய சகோதரர் மீர் தஸ்த், அடுத்த மாதமே நச்சுப்புகையின் நடுவே காயமுற்றோரைச் சுமந்து வந்ததற்காக விக்டோரியா சிலுவை பெற்றார். ஒரு தாய் மக்கள் இருவரில் எவர் நேர்வழியில் நின்றார் என்று, நூறாண்டுக்குப் பின் விசிறியின் கீழ் அமர்ந்து தீர்ப்பளிக்க நமக்குத் துணிவு வரவில்லை.

குதாதாத் இவையனைத்தையும் பற்றி என்ன நினைத்தார்? இந்த இடத்தில்தான் வரலாறு நம்மைக் கைவிடுகிறது. அவரைப் பற்றிய அரசிதழ்க் குறிப்பு சில வரிகளே. அதுவும் பிறர் எழுதியது. படைவீரர் பலர் எழுத்தறியாதவர்கள். எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லிக் கடிதம் எழுதுவிப்பார்கள். அக்கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, மொழிபெயர்த்துப் பகுதி பகுதியாகச் சேர்த்து வைத்தனர். தணிக்கைக்குத் தப்ப வேண்டி, இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளைச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகு என்றும் மறைபொருளில் எழுதியவர்களும் உண்டு. கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்றால் ஊரார்க்குப் பொருள் விளங்கும். ஒரு நாட்டுச் சிப்பாய்களின் நெஞ்சம் இன்று அவர்களை வேவு பார்த்தவர்களின் ஏடுகளில்தான் கிடைக்கிறது என்பது வேதனைக்குரியது.

போர் முடிந்தது. இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோர் 10 இலட்சத்துக்கு மேல். மாண்டோர் 70,000-க்கு மேல். நன்றிக்கடனாக நாட்டுக்குக் கிடைத்தது 1919-இன் ரௌலட் சட்டம். அதே ஆண்டு ஏப்ரல் 13-இல், அதிகமான சிப்பாய்களை அளித்த அதே பஞ்சாபில், ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். பேரரசின் ஒரு கை பதக்கம் சூட்டிற்று. மறு கை துப்பாக்கி பிடித்தது. இதை மறைத்துவிட்டுக் குதாதாதின் புகழை மட்டும் பாடுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும்.

தனிப்பட்ட வீரர்களுக்கு அரசு தந்த பெரும் வெகுமதி நிலம். ஆறுகளுக்கு நடுவே தரிசாய்க் கிடந்த பரப்புகளில் கால்வாய்கள் வெட்டி, பஞ்சாப் அரசு புதிய குடியிருப்புகளை அமைத்துக்கொண்டிருந்தது. போருக்குப் பின் முன்னாள் வீரர்க்கு வழங்கப்பட்ட நிலம் 4 இலட்சம் ஏக்கரைத் தாண்டும். விசுவாசத்தை மண்ணில் நட்டு வளர்க்கும் அரசியல் அது. குதாதாத் சுபேதார் பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்று, ஜீலம், செனாப் ஆறுகளுக்கு இடைப்பட்ட மண்டி பஹாவுத்தீன் பகுதியில் நிலம் பெற்று உழவரானார்.

மழையை நம்பியிருந்த ஊரின் மகன் கால்வாய்க் கரையில் குடியேறினார். எத்தனை பெரிய மாறுதல் அது! அங்கே நிலத்தை 'முரப்பா' என்று அளப்பார்கள். நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. சதுரம் என்னும் பொருளுடைய 'முரப்பஃ' என்ற அரபுச் சொல்லே அது. ஏறத்தாழ 25 ஏக்கர் கொண்ட சதுரம். குளிர்காலக் கோதுமை விளைச்சலுக்கு 'ரபி' என்று பெயர்; அரபியில் வசந்தம். மழைக்காலப் பருத்திக்கும் நெல்லுக்கும் 'கரீஃப்' என்று பெயர்; அரபியில் இலையுதிர் காலம். விதைக்கும் பருவத்தைக் கொண்டல்லாமல், அறுக்கும் பருவத்தைக் கொண்டு பயிருக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அறுவடை வரை உயிரோடிருப்போம் என்ற நம்பிக்கையில் உழவன் இட்ட பெயர்கள் அவை.

கால்வாய் நீரைப் பங்கிடும் முறைக்கு 'வாராபந்தி' என்று பெயர். வாரத்தின் இன்ன நாளில் இன்ன நேரம் தொடங்கி இன்ன நேரம் வரை இன்னார் வயலுக்குத் தண்ணீர். நள்ளிரவில் முறை வந்தால் நள்ளிரவில் எழுந்து மடை திறக்க வேண்டும். விக்டோரியா சிலுவை வாங்கியவர் ஆயினும் நீருக்கு முறை ஒன்றே. இந்தக் கால்வாய்களால் கெடுதியும் வந்தது. கசிந்த நீர் நிலத்தடி நீரை உயர்த்தி, மண்ணிலிருந்த உப்பை மேலே கொணர்ந்தது. 'சேம்' என்று நீர்த்தேக்கத்தையும், 'தூர்' என்று உப்புப் பூத்தலையும் அங்குள்ளோர் வைவார்கள். பச்சை வயல் வெள்ளை பூத்துப் பாழாகும். போரில் கிடைத்த நிலத்தைக் காக்கவும் ஒரு போர் வேண்டியிருந்தது. அதற்கு எவரும் பதக்கம் தருவதில்லை.

1947-இல் பஞ்சாப் பிளவுண்டது. மண்டி பஹாவுத்தீனின் இந்துக்களும் சீக்கியரும் கிழக்கே சென்றனர். கிழக்கிலிருந்து முஸ்லிம்கள் இழந்த வீடுகளின் சாவிகளோடு வந்தனர். அவருடன் ஒரே நாளில் அரசிதழில் பெயர் வந்த நேகி இந்தியரானார், குதாதாத் பாகிஸ்தானியரானார். 1965-இல் அவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று சுட்டன. 1971 மார்ச் 8-இல் அந்த முதியவர் கண்மூடினார். பதினேழு நாட்கள் கழித்து, மார்ச் 25 இரவில், டாக்காவில் படை நடவடிக்கை தொடங்கிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் அவருடைய நாடும் இரண்டாயிற்று. அதைக் காணாமல் அவர் சென்றது இறைவனின் கருணை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெல்ஜியத்து ஈப்பர் நகரின் மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத வீரர்களின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. 129-ஆம் பலூச்சிகளின் பெயர்களும் அங்குண்டு. பிரான்சின் நூவ் ஷாப்பெலில் 1927-இல் எழுப்பிய நினைவகத்தில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியப் பெயர்கள் உள்ளன. பாகிஸ்தானின் இராணுவ அருங்காட்சியகத்தில் குதாதாதுக்குச் சிலை உண்டு. இவையெல்லாம் 1914 அக்டோபர் 31 என்னும் ஒரு நாளுக்கும் அதைப் போன்ற நாட்களுக்கும் உரியவை. அந்நாளுக்குப் பின் அவர் வாழ்ந்தது 56 ஆண்டுகள். அவற்றில் எத்தனை ரபி, எத்தனை கரீஃப்! அந்த நாட்களுக்குக் கல்வெட்டு இல்லை.

இப்போது அந்த மாணவருக்கு நம் விடை. மகனே, அவர் வெள்ளையரின் படையில் நின்றது உண்மை. வறண்ட நிலமும் 11 ரூபாயும் அவரை அங்கே கொண்டு நிறுத்தின என்பதும் உண்மை. அந்தப் போர் நம்முடைய போரன்று. அதை நியாயப்படுத்த வேண்டிய கடமை நமக்கில்லை. ஆயினும், தோழர் ஐவர் ஒவ்வொருவராகச் சாயும்போது இடம்பெயராமல் நின்ற உறுதி மன்னர் ஜார்ஜின் சொத்தன்று. அது அந்த மனிதருடையது. அவர் உள்ளத்து எண்ணத்தை எடைபோடும் தராசு அல்லாஹ்விடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு மனிதரின் வாழ்வை முழுமையாகக் காணும் பொறுப்பு. ஒருநாள் வீரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் பேரரசின் சிலையாக்குவதும், ஒரு சொல்லால் அடிமை என்று தள்ளுவதும் அவருக்கு இழைக்கும் ஒரே அநீதியின் இரு முகங்கள். நாட்டின் வரலாறு இத்தகைய ஏழை உழவர் மக்களின் தோள்மீதுதான் நடந்து சென்றிருக்கிறது. அவர்களை மறந்தால் நடந்த பாதையையே மறந்தவர்களாவோம்.

வாசகப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நம் குடும்பங்களிலும் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்த பாட்டனார் இருந்தார்கள். மலாயாவில் ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்கள் இருந்தார்கள். 1945-க்குப் பின் எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்களில் மிகப் பலர் போய்ச் சேர்ந்தார்கள். தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்து அவர்கள் பேச வாயெடுத்தபோது, பழங்கதை என்று எழுந்து சென்றவர்களில் நாமும் ஒருவர். குதாதாத் கானுக்கு அரசிதழிலாவது சில வரிகள் உண்டு. நம் பெரியவர்களுக்கு அதுவும் இல்லை. இன்னும் வீட்டில் ஒரு மூத்தவர் இருந்தால், இன்றே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அருகே அமருங்கள். போன ஊரையும் விதைத்த பயிரையும் சேர்த்தே கேளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட மாணவர் இன்று ஓர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். இவ்விதழ் அவர் கைக்குச் சேருமானால், அன்று கிதாபை மூடியதற்காக நம்மைப் பொறுத்துக்கொள்ளட்டும். ருகான் மையவாடியில் உறங்கும் அந்த முதியவருக்காகவும், கல்லறை அறியப்படாமல் அந்நிய மண்ணில் கலந்துபோன தோழர்களுக்காகவும் ஒரு பாத்திஹா ஓதட்டும்.